மணவறைக்கு முன்னால் ஓர் இடம்

வெற்றிச்செல்விக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. காது மடல் இரண்டும் சிவந்துபோகும், கை ஏதாவது ஒரு வேலையைத் தேடும். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் இருக்கும் ஸ்டுடியோவில், முதலாளி ஜெயப்பிரகாஷ் நாலு பேர் முன்னால் அவளை வார்த்தையால் தூக்கிப் போட்டு மிதித்தபோதும் அவள் வாய் திறக்கவில்லை. மேசைமேல் கிடந்த ஆல்பம் அட்டைகளை எடுத்து, ஓரம் பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் உடையார்பாளையம் பக்கத்து வைத்திலிங்கம். முந்திரிக்காடும் நஞ்சையும் உள்ள பெரிய குடும்பம். அந்த வாரம்தான் அவர் மகளுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. ஐப்பசி பிறந்து முதல் முகூர்த்தம். படம் எடுத்தது இந்த ஸ்டுடியோ. மணவறைக்கு முன்னால் நின்று எடுத்தவள் வெற்றிச்செல்வி. தாலி கட்டிய நேரத்துப் படம் ஒன்றுகூடத் தேறவில்லை. எல்லாம் கும்மிருட்டு.

“பந்தியில எலை எடுக்கறவன்லாம் பளபளன்னு விழுந்திருக்கான். எம்பொண்ணு கழுத்துல தாலி ஏறுனது மட்டும் விழல. மாப்ளைய மறுபடி ஒருக்கா கட்டச் சொல்லட்டுமா?” என்றார் வைத்திலிங்கம். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அதை மறைக்கத்தான் அந்தக் கத்தல் என்று செல்விக்குத் தெரிந்தது.

“கோவப்படாதீங்க ஐயா. எல்லாம் இந்தப் பொண்ணால வந்த வெனை. புதுக் கேமரா இன்னும் அது கைக்குப் படியல. இதே கேமராதான் வேணும்னு திருச்சில ஒத்தக் கால்ல நின்னு வாங்க வெச்சதும் இதுதான்” என்றார் ஜெயப்பிரகாஷ்.

“இந்த மாசக் கடைசில திருமழபாடில எங்கண்ணன் வூட்டுக் கல்யாணம். அதுக்கும் ஒங்களத்தான் சொல்லி வெச்சிருக்கோம். ஆனா ஒண்ணு, இந்தப் பொண்ணு மணவறைப் பக்கமே வரக் கூடாது.”

“ஏத்தவே மாட்டேங்க. நம்ம மச்சான் அஜித்குமார் நிப்பான். இது பொண்ணு ரூம்ல பூ வெக்கறது, வளையல் போடறது, அத எடுத்துட்டு இருக்கட்டும்.”

கண்ணாடிக் கதவில் சாய்ந்து நின்ற அஜித்குமார், தன் பெயர் வந்ததும் நிமிர்ந்து நின்று தாடியைத் தடவிக்கொண்டான். செல்வி கடைசி அட்டையை அடுக்கி முடித்தாள்.

ஒரு படக்காரிக்கு மணவறைக்கு முன்னால் இருக்கும் அந்த ரெண்டு அடி இடம் என்னவென்று வெளியாளுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். குன்னம் பக்கத்தில் பருத்தி எடுத்தும் வெங்காயத் தாள் அரிந்தும் பிழைத்த வீட்டில் பிறந்தவள் அவள். அப்பா செல்லக்கண்ணுவுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. பன்னிரண்டாவது முடித்ததும் இந்த ஸ்டுடியோவுக்கு வந்தாள். வேலை கம்ப்யூட்டரில். பாஸ்போர்ட் படத்தில் பருவை அழிப்பது, பனியனோடு வந்தவருக்குச் சட்டை மாட்டிவிடுவது, கண்மூடிய கிழவருக்கு வேறொரு படத்திலிருந்து கண் எடுத்து வைப்பது. அதிலிருந்து படம் எப்படிக் கெட்டுப்போகிறது என்று கற்றுக்கொண்டாள். கெட்டுப்போகாமல் எடுப்பது எப்படி என்பது தன்னால் வந்தது.

பிறகு ஒரு மஞ்சள் நீராட்டு விழாவில், பெண் இருக்கும் அறைக்குள் ஆண் வரக் கூடாது என்று வீட்டார் சொல்ல, செல்வியின் கையில் கேமரா வந்தது. வளைகாப்பு, நலுங்கு, மணப்பெண் அலங்காரம் என்று வருஷக்கணக்கில் அவள் உள்ளறையிலேயே நின்றாள். வெளியே மேடையில் ஆண்கள் நின்றார்கள். ஆல்பத்தின் முதல் பக்கம் எப்போதும் அவர்கள் எடுத்ததாகவே இருந்தது. அரியலூரில் ஒரு கல்யாணத்தன்று மேடைக்காரனுக்குக் காய்ச்சல் கண்டது. வேறு வழியில்லாமல் அவளை ஏற்றினார்கள். அன்று ஏறியவள் இறங்கவில்லை. “தாலிய அந்தப் புள்ளதான் எடுக்கணும்” என்று கேட்டு வருகிற குடும்பங்கள் உண்டு. சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டும் அவள் புருஷன், அந்த ஆல்பப் பக்கங்களைத் தன் செல்லில் வைத்துக்கொண்டு டீக்கடைகளில் காட்டுவான்.

இப்போது அந்த இடத்திலிருந்து இறக்குகிறார்கள். அதுவும் கை தெரியாதவள் என்று சொல்லி.

கேமரா வாங்கிய கதையையும் சொல்ல வேண்டும். சித்திரையில் திருச்சிக் கடையில் கண்ணாடி மேசைமேல், உள்ளே கண்ணாடி இல்லாத புது வகை மிரர்லெஸ் கேமராக்கள் இரண்டை வைத்தார்கள். அஜித்குமாருக்குப் பிடித்தது இலேசானது. திரை எந்தப் பக்கமும் திரும்பும். நிறம் பிழிந்துவிட்டது போல் வரும். செல்வி கை வைத்தது சற்றுக் கனமானது.

“அக்கா, யூடியூப்ல எல்லாரும் இதத்தான் சொல்றானுங்க. இதுல எடுத்தா மூஞ்சி மேக்கப் போட்ட மாதிரியே வரும்” என்றான் அஜித்குமார்.

“மேக்கப் போட ஆளு தனியா வருது தம்பி. இதுல கார்டு போட ஒரே ஓட்டைதான் இருக்கு. கார்டு செத்துப்போச்சுன்னா ஒன் யூடியூபா வந்து மறுபடி தாலி கட்டும்?”

அவள் சொன்னதில் இரண்டு கார்டு போடலாம். ஒன்று போனாலும் மற்றதில் படம் இருக்கும். பேட்டரி முகூர்த்தத்திலிருந்து பந்தி வரைக்கும் தாங்கும். கடைக்காரரிடம் கேட்டு, ஸ்டுடியோவின் ஃபிளாஷை இரண்டின் தலையிலும் மாட்டி எடுத்தும் பார்த்தாள். கேமராவின் உச்சியில் ஃபிளாஷ் மாட்டும் காடி ஒன்று உண்டு. அதற்குள் சின்னச் சின்னப் பித்தளைப் புள்ளிகள். அந்தப் புள்ளியும் ஃபிளாஷின் அடிப்பாகத்து ஊசியும் தொட்டால்தான் சங்கதி போய் வெளிச்சம் அடிக்கும். இரண்டிலும் பிசகில்லாமல் அடித்தது. ஜெயப்பிரகாஷ் அரை மனதோடு அவள் சொன்னதையே வாங்கினார். அதனால்தான் இப்போது பழி இரட்டையாக விழுந்தது. எடுத்தவளும் அவள், பொறுக்கியவளும் அவள்.

அன்றைக்குக் கல்யாணத்தில் நடந்தது இதுதான். மாலை மாற்றும் வரை எல்லாப் படமும் ஒழுங்காக விழுந்தது. கூறைப்புடவை கட்டி மணப்பெண் திரும்ப வந்தபோது, கண்ணை வைத்துப் பார்க்கும் உள்திரை திடீரென்று இருண்டது. பழைய கேமராவில் கண்ணாடி வழியாக ஆளையே நேராகப் பார்க்கலாம். இதில் உள்ளே இருப்பது குட்டித் திரை. ஃபிளாஷ் தலையில் இருக்கிறது என்று கேமராவுக்குத் தெரிந்தால் திரை வெளிச்சமாக இருக்கும். தெரியாவிட்டால், வெளிச்சமில்லாமல் எடுத்தால் படம் எப்படி விழுமோ அப்படி இருட்டாகக் காட்டும். செல்வி ஃபிளாஷை இடது கையால் அழுத்தினாள். திரை விடிந்தது. கையை எடுத்தாள். மறுபடி இருண்டது. கழற்றி மாட்டுவதற்குள் கெட்டிமேளம் கொட்டிவிட்டது. மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட, நாத்தனார் மற்ற இரண்டையும் போட, அத்தனையும் இருட்டுக்குள் போனது. அடுத்து ஃபிளாஷ் அடித்த படத்தில் நாத்தனாரின் முதுகும் பறந்த அட்சதையும்தான் இருந்தன. எதிர்ப்பக்கம் வீடியோ எடுத்த ஜெயப்பிரகாஷின் கேமராவிலோ, நெற்றி நிறைய விபூதியோடு ஒரு பெரியவரின் தலை.

இருட்டுப் படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டு வெளிச்சமேற்றியும் பார்த்தாள். பழைய கேமராவாக இருந்தால் ஒன்றுமே மிஞ்சியிருக்காது. இதில் உருவம் தெரிந்தது. ஆனால் மாப்பிள்ளை முகத்தில் எள்ளை வாரிக் கொட்டியது போல் புள்ளி. சட்டம் போட்டு மாட்டுகிற படம் ஆகாது.

குன்னத்தில் அக்கா தனத்தின் வீடு செல்வி வீட்டுக்கு அடுத்த வாசல். புருஷன் லாரியோடு போகும் நாட்களில் சாப்பாடு அங்கேதான். அன்று சாயந்திரம் தட்டின்முன் உட்கார்ந்தவளை அக்கா கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“ஏண்டி, அந்தச் சோத்த எவ்வளவு நேரம் பெசைவ? ஜெயப்பிரகாச நெனச்சுக்கிட்டுப் பெசையிறியா?”

“சிரிக்காதக்கா. எனக்குப் பத்திக்கிட்டு வருது.”

“பத்திக்கிட்டு வந்தா வாயத் தொறந்து கேக்க வேண்டியதுதான? அட்டை அடுக்குனாளாம், அட்டை!”

“கேக்கறதுக்கு எங்கிட்ட என்ன இருக்கு? ஃபிளாசு அடிக்கல. ஏன் அடிக்கலேன்னு எனக்கே தெரியல. தெரியாம எப்புடிக் கேக்கறது?”

“வுட்டுத் தள்ளு. ஊருல கல்யாண மண்டபத்துக்கா பஞ்சம்? வேற ஸ்டுடியோவுக்குப் போ.”

“இப்ப போனா, அவரு சொன்னது நெசமாயிடும்க்கா. கை தெரியாத புள்ள, தாலிய வுட்ட புள்ளன்னு எனக்கு முன்னாடியே பேரு போய் அங்க ஒக்காந்திருக்கும்.”

தனம் குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

மறுநாள் மத்தியானம் ஸ்டுடியோவில் கூட்டமில்லை. செல்வி புதுக் கேமராவையும் பழைய கேமராவையும் மேசைமேல் வைத்தாள். ஃபிளாஷ் இரண்டையும் பக்கத்தில் வைத்தாள். அஜித்குமார் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டே பார்த்தான்.

“என்னக்கா, போஸ்ட்மார்ட்டமா?”

“ஆமா. செத்தது எதனாலன்னு பாக்கணும்ல.”

“நாஞ் சொல்றேன். சைலன்ட்டுல போட்டிருப்பீங்க. மிரர்லெஸ்ல சத்தம் வராம எடுக்கறதுல வெச்சா ஃபிளாஷ் அடிக்காது. ஐயரு முன்னாடி சத்தம் வேணாம்னு மாத்திருப்பீங்க, அப்பறம் மறந்துட்டீங்க.”

அவன் சொன்னது வெறும் வாய்ச்சவடால் இல்லை. அப்படி ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. அதனாலேயே அவள் அதை முதலில் பார்த்திருந்தாள்.

“சைலன்ட்டுல இருந்தா ஒண்ணுகூட அடிச்சிருக்காது அஜித்து. மாலை மாத்துன வரைக்கும் அடிச்சிருக்கு. அப்பறம் விட்டு விட்டு அடிச்சிருக்கு. மொத்தமா வராததுக்கும் விட்டு விட்டு வர்றதுக்கும் வித்தியாசம் இருக்கில்ல?”

அவன் நாற்காலி சுற்றுவது நின்றது.

ஃபிளாஷுக்குப் புது பேட்டரி போட்டுப் புதுக் கேமராவில் மாட்டினாள். அடித்தது, அடித்தது, அப்புறம் விட்டது. இன்னொரு ஃபிளாஷை மாட்டினாள். அதுவும் அப்படியே. இரண்டு ஃபிளாஷையும் பழைய கேமராவுக்கு மாற்றினாள். சுவர் வெளுக்க வெளுக்க அடித்துக்கொண்டே இருந்தது, ஒன்றுகூடத் தப்பவில்லை.

“ஃபிளாஷ்ல கொறை இல்ல. கேமராலதான். நான் அன்னிக்கே மாமாகிட்ட சொன்னேன், அந்த எலேசான கேமராவ வாங்கிருக்கணும்னு” என்றான் அஜித்குமார்.

செல்வி கேமராவை ஜன்னலோரம் கொண்டுபோனாள். காடியை வெயிலுக்குச் சாய்த்தாள். பார்வைக்குச் சுத்தமாகத்தான் இருந்தது. செல்போன் டார்ச்சை அடித்துப் பக்கவாட்டில் பார்த்தாள். காடியின் இரண்டு ஓர மடிப்புக்கு அடியில், பித்தளைப் புள்ளிகளைத் தொட்டபடி, மண்பொருக்கு மாதிரி ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. பல் குத்தும் குச்சியால் மெல்லச் சுரண்டினாள். மஞ்சளாகத் தூள் வந்தது. நடுவில் ஒரு சிவப்புக் கோடு.

மூக்கருகில் கொண்டுபோனாள்.

சந்தனம்.

அவள் அங்கேயே நின்றுவிட்டாள். காது மடல் சூடேறுவது அவளுக்கே தெரிந்தது. ஆயுத பூஜை அன்று அவள் ஊரில் பூஜை முடித்துவிட்டு ஸ்டுடியோவுக்கு வரும்போதே எல்லாம் ஆகியிருந்தது. பூஜை எப்போதும் ஜெயப்பிரகாஷ் கையால்தான். கேமரா, லைட், கம்ப்யூட்டர், வாசல் ஷட்டர் என்று ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குழைத்து வைத்து, மேலே குங்குமம் வைப்பார். பழைய கேமராக்களுக்கு நெற்றி அகலம். லென்ஸுக்கு மேலே விரல் பதிய இடம் இருக்கும், அங்கே வைத்துவிடுவார், மறுநாள் துடைத்துவிடுவார், ஒரு கெடுதலும் வந்ததில்லை. மிரர்லெஸ்ஸுக்கு நெற்றியே கிடையாது. ஒடுங்கிய உச்சி, அதன் மேல் காடி, அவ்வளவுதான். புதுக் கேமராவுக்கு முதல் பூஜை என்று கட்டைவிரல் நிறைய எடுத்து அப்பியிருக்கிறார். அது காடிக்குள் போயிருக்கிறது. மறுநாள் ஈரத்துணியால் துடைத்தபோது மேலே இருந்தது போக, மிச்சம் மடிப்புக்கு அடியில் இறங்கிக் காய்ந்திருக்கிறது. காடியை மூடி வைக்கும் கறுப்புப் பிளாஸ்டிக்கைக் கழற்றியதும் அவர்தான். சாமிக்கு முன்னால் மூடி எதற்கு என்று கழற்றியதாக அன்று அவரே சொல்லியிருந்தார்.

புரட்டாசியில் கல்யாணம் கிடையாது. ஸ்டுடியோவுக்குள் பாஸ்போர்ட் படம் எடுப்பது பழைய கேமராவில். ஆக அந்தச் சந்தனத்தோடு ஃபிளாஷை முதன்முதலாக மாட்டியது வைத்திலிங்கத்தின் வீட்டுக் கல்யாணத்தில்தான். கிளம்பும் முன் அவள் மாட்டிப் பார்த்தபோது தொட்டுக்கொண்டு அடித்தது. மண்டபத்துக் கூட்டத்தில் இடித்தும் அசைந்தும் போன பிறகு தொடாமல் போனது.

பக்கத்து மொபைல் கடையில், சர்க்யூட் துடைக்கும் மருந்து கொஞ்சம் வாங்கி வந்தாள். கேமராவின் பேட்டரியைக் கழற்றிவிட்டு, காய்ந்த பிரஷ்ஷால் தூளை உதறி, காது குடையும் பஞ்சில் மருந்தைத் தொட்டு மடிப்புக்கு அடியில் துடைத்தாள். பஞ்சு மஞ்சளானது. வேறு பஞ்சு எடுத்தாள். வெள்ளையாக வரும்வரை துடைத்து, காயவிட்டு, ஃபிளாஷை மாட்டி அஜித்குமாரைப் பார்த்து அழுத்தினாள். அழுத்திக்கொண்டே இருந்தாள்.

“யக்கா, போதும், கண்ணு போச்சு!” என்று அவன் முகத்தை மூடிக்கொண்டான். பிறகு மேசையில் கிடந்த மஞ்சள் பஞ்சுகளைப் பார்த்துவிட்டு, “மாமாவா?” என்றான் மெதுவாக.

“மாமாதான்.”

ஜெயப்பிரகாஷ் சாப்பிட்டுவிட்டு வந்ததும், அவள் பஞ்சை அவர் கையில் கொடுத்து நடந்ததைச் சொன்னாள். அவர் முகத்தில் முதலில் ஒரு திகைப்பு வந்தது. அது நிற்கவில்லை.

“சாமிக்கு வெச்ச சந்தனத்தக் குத்தம் சொல்றியா நீ?”

“சந்தனத்த நான் ஒண்ணுஞ் சொல்லலண்ணே. வெச்ச எடத்தச் சொல்றேன்.”

“பதினெட்டு வருசமா வெக்கறேன். இத்தன வருசத்துல வராத கேடு இப்ப எப்புடி வந்துச்சு?”

“இத்தன வருசமா வேற கேமராண்ணே. அதுக்கு நெத்தி இருந்துச்சு.”

அஜித்குமாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமா முறைத்ததும் இருமலாக மாற்றிக்கொண்டான்.

ஜெயப்பிரகாஷ் கெட்ட மனிதர் கிடையாது. தொழில் சொல்லிக்கொடுத்தவர், பஸ் கிடைக்காத நாட்களில் வண்டியில் கொண்டுவந்து விடுகிறவர். ஆனால் தன் தப்பு என்றால் அதைத் துண்டால் மூடுகிற ஆள். கொஞ்ச நேரம் கல்லாவை நோண்டிக்கொண்டிருந்துவிட்டு, குரலைத் தணித்தார்.

“சரி வுடு. திருமழபாடிக்கு ஸ்டேஜுல நீயே நில்லு. அவங்ககிட்ட நான் பக்குவமா சொல்லிக்கிறேன்.”

“என்னன்னு சொல்லுவீங்க?”

“மிஷின் கோளாறுன்னு.”

“மிஷின் கோளாறுன்னா, நான் பொறுக்குன மிஷின். அப்பவும் எந்தலையிலதான வந்து விழுது?”

“இப்ப அதுக்கு என்னாங்கற?”

“நாலு பேரு முன்னாடி எங்கை மேல சொன்னீங்க. அதே வாயால இல்லேன்னு சொல்லுங்க. எம்முன்னாடி போன் போடுங்க.”

ஜெயப்பிரகாஷ் அவளை ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் இப்படி அவள் அவரிடம் பேசியதில்லை. ஆனாலும் போன் போட்டார். ஸ்பீக்கரில் வைத்திலிங்கத்தின் குரல் கேட்டது.

“ஐயா, ஜெயப்பிரகாஷ் பேசறேங்க. ஒண்ணுமில்ல, நம்ம கேமராவுல சின்னக் கோளாறு ஒண்ணு இருந்திருக்கு. சரி பண்ணியாச்சு. அதனால திருமழபாடிக்கு...”

செல்வி எட்டிப் போனை வாங்கினாள். பிடுங்கினாள் என்றுதான் ஜெயப்பிரகாஷ் பிற்பாடு ஊரெல்லாம் சொன்னார்.

“ஐயா, வெற்றிச்செல்வி பேசறேன். கேமராவுல கோளாறு இல்லீங்க. ஆயுத பூஜைக்கு ஸ்டுடியோவுல வெச்ச சந்தனம், ஃபிளாஷ் மாட்டற எடத்துல உள்ள போயி காஞ்சிருக்கு. அதான் விட்டு விட்டு அடிச்சிருக்கு.”

“சந்தனமா?” என்றார் வைத்திலிங்கம்.

“ஆமாங்க.”

“அன்னிக்கு நிக்கறப்ப ஒனக்குத் தெரியலையா?”

“என்னமோ ஆவுதுன்னு தெரிஞ்சுதுங்க. கண்ணுக்கு இருட்டா காட்டுச்சு. அழுத்திப் பாத்தேன், கழட்டி மாட்டப் போனேன். அதுக்குள்ள முடிச்சு வுழுந்துடுச்சு. நிறுத்துங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல.”

“அப்ப அந்தப் படம்?”

“வராதுங்க. எதப் பண்ணுனாலும் வராது.”

“பின்ன என்னா மயித்துக்கும்மா போன் பண்ற?” என்று அவர் வெடித்தார்.

“எங்கை தப்புன்னு ஒங்ககிட்ட சொன்னாங்க. அது இல்லேன்னு சொல்றதுக்குங்க.”

போன் வைக்கப்பட்டது. செல்வி அதை ஜெயப்பிரகாஷிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. முகம் கறுத்துப்போயிருந்தது.

“எங்கடையில நின்னுக்கிட்டு, எம்போனுல, எம்மானத்த வாங்கிட்ட. ஷட்டர் சாவிய வெச்சுட்டுப் போயிடு செல்வி.”

அவள் பையிலிருந்து சாவியை எடுத்தாள். கழற்றப் பார்த்தால், வளையம் நகத்துக்கு இடம் கொடுக்கவில்லை. அஜித்குமார் உதவிக்கு எழுந்தான். “நீ ஒக்காரு” என்றாள். ஒருவழியாகக் கழற்றி, மஞ்சள் பஞ்சுகளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“எங்கை மேல சொன்னத வாபஸ் வாங்கியிருந்தீங்கன்னா நான் இங்கயே பெருக்கிக்கிட்டுக்கூட இருந்திருப்பேண்ணே” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். பஸ்ஸில் உட்காரும் வரை அழவில்லை. பேரளி தாண்டியதும் அழுதாள். அழுகையிலும் கோபம்தான் இருந்தது.

வீட்டில் சும்மா இருந்த நாட்களில் தனம் அவளைப் பேசாமல் விட்டாள். பேசியது வைத்திலிங்கத்தின் அண்ணன் இராமலிங்கம்தான், போனில். திருமழபாடிக் கல்யாணத்தின் மாப்பிள்ளைக்கு அப்பா.

“எந்தம்பி சொன்னான். அந்தக் கடைக்காரன வேணாம்னுட்டோம். நீ தனியா வருவியாம்மா?”

“எங்கிட்ட சொந்தக் கேமரா கெடையாதுங்க ஐயா. திருச்சில வாடகைக்கு எடுத்துட்டு வரணும். அப்பறம் ஒண்ணு, மணவறைக்கு முன்னால நாந்தான் நிப்பேன். அது சம்மதம்னா வரேன்.”

“நிக்கறதுக்குத்தான கூப்புடறேன்.”

“ஒங்க தம்பி வேணாம்னாருங்களே?”

“அவந்தான் ஒன் நம்பர எங்கயோ விசாரிச்சு வாங்கிக் குடுத்தான். தாலிப் படத்த வுட்டுட்டாளேங்கற கோவம் அவனுக்கு இன்னும் இருக்கு, அது போவாது. ஆனா மழுப்பாம சொல்லிடுச்சு அந்தப் புள்ளன்னான். அவ்வளவுதான் அவன் வாயிலேர்ந்து வந்துச்சு.”

திருச்சிக்கு வாடகைக் கேமரா எடுக்கப் போனபோது அவள் கேட்ட கேமரா வேறொருவர் கையில் போயிருந்தது. இருந்தது அஜித்குமார் ஆசைப்பட்ட இலேசான கேமரா. கையில் எடுத்ததுமே அவளுக்கு எரிச்சல் வந்தது. பிடிக்க இடமில்லை, சுண்டுவிரல் தொங்கியது. கார்டுக்கு ஒரே ஓட்டை. வாடகைக் கடைக்காரர் பொறுமை இழக்கும்வரை, கூடவே எடுத்த ஃபிளாஷை மாட்டியும் கழற்றியும், அசைத்தும் இடித்தும் எடுத்துப் பார்த்தாள். கார்டுகளை நிறைய வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு சடங்கு முடிந்ததும் கார்டை மாற்றி, எடுத்ததை இடுப்புப் பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிடுவது என்று முடிவு செய்தாள். திருமழபாடிக்குப் போகும் பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கேமராவைத் திட்டிக்கொண்டே போனாள்.

கொள்ளிடக் கரையோரம் மண்டபம். விடிந்து வெயில் ஏறாத முகூர்த்தம். அவள் மணவறைக்கு முன்னால் போய்க் கால் ஊன்றினாள். மந்திரம் ஓடிக்கொண்டிருக்க, பின்னாலிருந்து பெண்வீட்டுப் பெரியவர் ஒருவர் அவள் முழங்கையைத் தட்டினார்.

“ஏ புள்ள, கொஞ்சம் ஓரமா போ. பொண்ணப் பாக்க முடியல. நீ பாட்டுக்கு நந்தி மாதிரி நிக்கற.”

“முடிச்சு வுழுந்தப்பறம் நவுர்றேங்க.”

“பொம்பளப் புள்ளைக்கு என்னா திமிரு பாத்தியா! இராமலிங்கம், ஓய், இத எங்க புடிச்சீரு?”

அவள் திரும்பவில்லை. காது மடல் சிவந்தது, அவ்வளவுதான். உள்திரை வெளிச்சமாக இருந்தது. கெட்டிமேளம் கொட்டியது. மாப்பிள்ளையின் கை, மஞ்சள் கயிறு, மணப்பெண்ணின் குனிந்த கழுத்து, நாத்தனாரின் விரல்கள், ஒவ்வொன்றுக்கும் ஃபிளாஷ் பளீரென்று அடித்தது. ஒன்றும் தப்பவில்லை என்று திரையில் சரிபார்த்து, கார்டைக் கழற்றிப் பையில் போட்ட பிறகு, “இப்பப் பாருங்க தாத்தா” என்று பெரியவருக்கு வழிவிட்டாள்.

பந்தி ஆரம்பிக்கும் முன் சொந்தக்காரர்கள் வரிசையாக மேடை ஏறினார்கள். வைத்திலிங்கம் மகளோடும் மருமகனோடும் ஏறி, மணமக்களுக்குப் பக்கத்தில் நின்றார். அவளைப் பார்க்கவே இல்லை. பந்தல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு விறைப்பாக நின்றார். மகள் அவர் கையைப் பிடித்து இழுத்தும் திரும்பவில்லை.

செல்விக்கு அவரிடம் சொல்ல ஒன்றுமில்லை. போன படம் போனதுதான். அன்று ஸ்டுடியோவில் அவர் சொன்னதையும் அவளால் மறக்க முடியவில்லை. கேமராவைக் கண்ணில் வைத்தாள்.

“ஐயா, இங்க பாக்கணும்” என்றாள்.

அவர் திரும்பினார். இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பு இல்லை. அவள் அழுத்தினாள். படம் துல்லியமாக விழுந்தது.